இரவு பதினொரு மணிக்கு அலுவலகச் செய்தி வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலை நேரம், வீட்டு நேரம் குறித்து இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓர் அச்சம் தெரிகிறது. ‘இதற்கு மேல் இயலாது’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயர் போய்விடுமோ என்பதே அது. ஐந்து கடிதங்களை, எழுதியவர் யாரென்று தெரியாதபடி சுருக்கி, பதிலுடன் தந்திருக்கிறேன். முதல் பதில் நீளமானது. அதில் சொல்லியிருப்பவை மற்றவர்களுக்கும் பொருந்தும் என்பதால், துறை வேறாக இருந்தாலும் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். பதினோரு ஆண்டு அனுபவம் உண்டு. காலை பத்து மணிக்கு வேலை தொடங்குகிறது. சிகாகோவில் உள்ள க்ளையண்டுடன் இரவு ஏழரைக்குத் தொடங்கும் கான்ஃபரன்ஸ் கால், ஒன்பதரை வரை நீள்கிறது. அதன் பிறகும் பதினொரு மணிக்கு மேனேஜர் வாட்ஸ்அப்பில் ஏதாவது கேட்பார். உடனே பதில் போடாவிட்டால் மறுநாள் அவர் பேச்சே மாறிவிடும். முதல் வகுப்பு படிக்கும் மகள், நான் அறைக் கதவைத் திறக்கும்போது தூங்கியிருப்பாள். என் கணவரும் இதே துறைதான். அவர் காலில் இருக்கும்போது வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நான் காலில் இருக்கும்போதோ, அடுப்பில் இருப்பதை யார் அணைப்பது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். எப்போது கூப்பிட்டாலும் கிடைப்பவள் என்ற பெயரால்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இப்போது மறுத்தால் அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) ரேட்டிங்கைக் குறைத்துவிட மாட்டார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். பதவி உயர்வு வந்தது எப்போதும் கிடைத்ததால்தான் என்று நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். அது உண்மையா என்று சோதித்துப் பாருங்கள். முந்தைய அப்ரைசல் குறிப்புகள் உங்களிடம் இருக்கும். அவற்றில் உங்களைப் பாராட்டி எழுதியிருக்கும் வரிகளை எடுத்துப் படியுங்கள். சிக்கலான கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது, புதியவர்களைப் பழக்கியது, க்ளையண்ட் தெளிவில்லாமல் கேட்டதை வேலையாக மாற்றிக் கொடுத்தது போன்றவையே பெரும்பாலும் அங்கே இருக்கும். இரவு பதினொரு மணிக்குப் பதில் போட்டதற்காக யாரும் அதில் ஒரு வரி எழுதியிருக்க வாய்ப்பில்லை. உங்கள் தொழில் அடையாளம் பதினோரு ஆண்டுத் திறமையின் மேல் நிற்கிறது. உடனடிப் பதில் அதன் மேல் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தால்தான் மேனேஜருடன் நடத்த வேண்டிய பேச்சை அச்சமின்றி நடத்த முடியும்.

அந்தப் பேச்சுக்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் செய்திக்கும் எதிரே, அது மூன்றில் எந்த வகை என்று குறித்து வையுங்கள். ப்ரொடக்‌ஷனில் (க்ளையண்ட் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மென்பொருளில்) ஏதோ நின்றுபோய், காலை வரை காத்திருந்தால் யாருக்கோ இழப்பு வரும் என்பது முதல் வகை. க்ளையண்டின் பகலும் நம் இரவும் சந்திக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பேச முடியும் என்பது இரண்டாவது வகை. ஒருவருக்கு அந்த நேரத்தில் நினைவு வந்தது, மறந்துவிடுவதற்குள் அனுப்பிவிட்டார் என்பது மூன்றாவது. நம் அலுவலகங்களில் இரவை மிகுதியாக விழுங்குவது இந்த மூன்றாம் வகைதான் என்பது என் அனுபவம். அனுப்பியவரே அதற்கு உடனே பதில் வேண்டும் என்று நினைக்காமல் இருந்திருக்கலாம். நீங்கள் எப்போதும் உடனே பதில் போட்டதால் அது வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது வகையை மறுக்க இயலாது, மறுக்கவும் வேண்டியதில்லை. உலகத்தின் மறுபக்கத்தில் உள்ளவர்களோடு வேலை செய்வதை இந்தத் தொழிலோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டோம். ஆனால் இரவு ஒன்பதரை வரை வேலை என்றால் காலை பத்து மணிக்குத் தொடங்குவதை யார் முடிவு செய்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெரும்பாலான குழுக்களில் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். பழைய ப்ராஜெக்டின் நேரம் அப்படியே தொடர்ந்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைப்பார்கள். அதனால் அவர்களுடைய காலை ஒன்பது மணிக் கூட்டம், கோடையில் நமக்கு இரவு ஏழரை என்றால், குளிர்காலத்தில் எட்டரை ஆகிவிடுகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, நான்கு மாதத்துக்கு மேல், இங்கே இருப்பவர்களின் இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகிறது. பலர் இதைக் காலநிலையைப்போல ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். இது பேசித் தீர்க்கக்கூடியது. குளிர்காலத்தில் கூட்டத்தை அவர்கள் பக்கம் எட்டு மணிக்கு வைக்கலாம், அல்லது இங்கே தொடக்க நேரத்தைத் தள்ளலாம். குழுவில் மூத்தவர்கள் மூவர் இருந்தால் வாரத்தில் இரண்டு இரவுகள் ஒருவருக்கு என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதையே அடிப்படையாக வைக்கிறது. கூடுதல் வேலை வாங்கினாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் விரியக் கூடாது என்றும் அது சொல்கிறது. உங்கள் நாள் கோடையில் பதினொன்றரை மணி நேரம் விரிகிறது, குளிர்காலத்தில் பன்னிரண்டைத் தாண்டிவிடுகிறது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அறிவிக்கை வழியாக நிறுவனங்களுக்கு விலக்குத் தரவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. எனவே டீம் லீட் என்ற உங்கள் நிலைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைத் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் பேசும் முதல் நாளே இந்தச் சட்டத்தை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கப்போவது சலுகை அன்று என்ற தெளிவு உங்களுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பேசும் நாளை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். அப்ரைசல் வாரத்தில் பேசினால் பேரமாகத் தோன்றும். மேனேஜர் கோபமாக இருக்கும் நாளில் பேசினால் சண்டையாகும். புதிய ரிலீஸுக்குத் திட்டமிடும் கூட்டம்தான் சரியான இடம். ‘இனி இரவில் என்னால் முடியாது’ என்று தொடங்காமல், கையில் ஒரு மாற்று ஏற்பாட்டை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ‘க்ளையண்ட் அழைப்பை நான் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன். அதற்கு ஈடாக என் நாள் பன்னிரண்டரைக்குத் தொடங்கட்டும். காலை ஸ்டாண்ட்அப் கூட்டத்தை அடுத்த நிலையில் இருப்பவர் நடத்தட்டும், அவருக்கும் அது பழக்கமாகும். இரவு பத்து மணிக்குப் பிறகு ப்ரொடக்‌ஷன் சிக்கல் என்றால் ஃபோனில் கூப்பிடுங்கள், எடுப்பேன். மற்றவற்றை மெயிலில் போடுங்கள், மறுநாள் முதல் வேலையாகப் பார்க்கிறேன்.’ இந்த அளவு போதும். பேசி முடித்ததும், ஒப்புக்கொண்டதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள். மேனேஜர்கள் மாறுவார்கள், வாய்மொழி ஏற்பாடு அவர்களோடு போய்விடும்.

அதன் பிறகு உங்கள் பக்கம் ஒரு கடமை இருக்கிறது. அவசரத்துக்கு ஃபோன் என்று சொன்னபின், ஃபோன் வந்தால் எடுத்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த சாதாரணக் கேள்விக்கு, விழித்திருந்தாலும், பதில் தெரிந்திருந்தாலும், காலை வரை பதில் போடக் கூடாது. இரண்டாவதுதான் கடினம். முதல் சில வாரங்கள் மனம் படபடக்கும், மேனேஜரும் ஓரிரு முறை சோதித்துப் பார்ப்பார். உங்கள் கீழ் வேலை செய்யும் இளைஞர்களை நினைத்துக்கொண்டு உறுதியாக இருங்கள். நீங்கள் பதினொரு மணிக்குப் போடும் ஒவ்வொரு பதிலும், முன்னேற வேண்டுமானால் பதினொரு மணிக்கு விழித்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பிக்கிறது. இரவில் எழுதியே தீர வேண்டிய மெயில் இருந்தால், காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வையுங்கள்.

ரேட்டிங் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் குறையலாம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நியாயமான ஏற்பாட்டை எழுத்தில் ஒப்புக்கொண்டு, வேலையையும் குறையில்லாமல் முடித்த பிறகும் குறைத்தால், அந்த மேனேஜருக்கு மேல் உள்ளவரிடமும் எச்.ஆரிடமும் உங்கள் இரண்டு வாரப் பதிவோடு செல்லுங்கள். அங்கும் செவிசாய்க்கவில்லை என்றால், வேறு வேலை தேடுவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய ரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எந்த ரேட்டிங்கும் அந்த விலைக்குத் தகாது.

வீட்டுக் கதவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை மேனேஜரிடம் தீர்க்க முடியாது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடங்களை. உங்கள் கணவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருடைய கால் வேலையாகவும் உங்களுடைய கால் இடைமறிக்கக்கூடிய ஒன்றாகவும் வீட்டில் எண்ணப்படுகிறது. இதை மாமியாரிடம் குறையாகச் சொல்ல வேண்டாம். இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரை அடுப்பும் மகளின் இரவு உணவும் யார் பொறுப்பு என்பதைக் கணவருடன் உட்கார்ந்து நாள்வாரியாகப் பேசி முடிவெடுத்து, அதை வீட்டில் எல்லோருக்கும் அவரே சொல்லும்படி செய்யுங்கள். அவர் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். நீங்கள் சொன்னால் அது வேண்டுகோளாகவே கேட்கும்.

கேள்வி: தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்குக்கூட வீட்டுப்பாடச் சந்தேகம் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் பள்ளி முதல்வரிடம் புகார் போகிறது. என்ன செய்வது?
– வாசகி, நாமக்கல்

பதில்: நீங்கள் தனியாக நேரம் அறிவித்தால் உங்கள் பெயர் கெடும். எனவே பள்ளி அறிவிக்க வேண்டும். உங்களைப்போல அவதிப்படும் நான்கைந்து வகுப்பாசிரியர்கள் சேர்ந்து முதல்வரைப் பாருங்கள். மாலை ஆறரை மணி வரை கேட்கப்படும் கேள்விகளுக்கு அன்றே பதில், அதற்குப் பின் வருபவற்றுக்கு மறுநாள் இடைவேளையில் பதில் என்ற குறிப்பு பள்ளியின் பெயரில் எல்லாக் குழுக்களுக்கும் போகட்டும். குழுவில் ஆசிரியர் மட்டுமே பதிவிடும் வசதி இருக்கிறது, இரவில் அதை இயக்கி வைக்கலாம். மாணவர் நாட்குறிப்பேட்டில் வீட்டுப்பாடத்தை ஒரு வரி கூடுதலாக எழுதி அனுப்பினால் பாதிச் சந்தேகங்கள் எழாது. பெற்றோரில் பலர் தாங்களே எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் உங்களைத் தொல்லை செய்ய வேண்டும் என்று கேட்பதில்லை. அவசர உடல்நலச் செய்திக்கு மட்டும் பள்ளி அலுவலக எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி முடித்து வந்து படுத்தால், தெருவில் யாருக்காவது பிரஷர் பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும் என்று கதவைத் தட்டுகிறார்கள். ஊரிலிருந்து உறவினர்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கல்யாண வீட்டில்கூட எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். மறுத்தால், ‘நர்ஸாக இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா’ என்கிறார்கள். இதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. முன்பெல்லாம் நோயாளி இறந்தால் அழுவேன். இப்போது எதுவும் தோன்றுவதில்லை. நான் கெட்டவளாகிவிட்டேனா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் கெட்டவளாகவில்லை. மிகவும் களைத்துப் போயிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே, உங்கள் பரிவு உள்ளே உயிரோடு இருப்பதைக் காட்டுகிறது.

நோய்களை வகைப்படுத்தும் தன்னுடைய பதினோராவது பட்டியலில், உலக சுகாதார அமைப்பு, பணிச்சோர்வைத் தனியாக விளக்கியிருக்கிறது. அதை ஒரு நோயாக அது கருதவில்லை, வேலைச் சூழலில் நேரும் நிலை என்கிறது. சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வருவது அது. அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்கள்: ஆற்றல் முழுவதும் வற்றிப்போனதுபோன்ற களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு, தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். நீங்கள் எழுதியிருக்கும் உணர்வின்மை இரண்டாவது அடையாளத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மரணத்தை அடிக்கடி பார்க்கும் இடத்தில், போதிய ஆட்களும் ஓய்வும் இல்லாமல் ஆறு ஆண்டுகள் இருந்த ஒருவருக்கு இது வருவதில் வியப்பில்லை. வேலைச் சூழலில் பிறந்தது என்பதால் தீர்வின் பெரும்பகுதியும் அங்கேயே இருக்க வேண்டும். தொடர் நைட் டியூட்டியைக் குறைக்கவும், சில மாதங்களுக்கு வேறு வார்டுக்கு மாற்றவும் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் எழுத்துமூலம் கேளுங்கள். ‘முடியவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ‘நோயாளி பாதுகாப்பு’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். களைத்த கண்ணுக்கு மருந்தின் அளவு தவறிப்போகும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அழுகை வராத நாளில் அழ முயல வேண்டாம். ஷிஃப்ட் ஹேண்ட்ஓவர் முடிந்ததும், அன்று உங்களைப் பாதித்த ஒரு நோயாளியைப் பற்றி உடன் வேலை செய்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். அந்த வேதனையைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அந்த வார்டில்தான் இருக்கிறார்கள், வீட்டில் இல்லை. தூக்கமின்மையோ உயிர்மேல் வெறுப்போ எட்டிப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. டெலி-மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழில் பேசலாம். செவிலியர்கள் இத்தகைய உதவியைப் பிறருக்குப் பரிந்துரைப்பார்கள், தாங்கள் அழைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள்.

தெருவாருக்கு வருவோம். வீட்டில் ஊசி போடுவதை இன்றே நிறுத்துங்கள். மருத்துவரின் எழுத்துச் சீட்டும் அவசர மருந்துகளும் இல்லாத இடத்தில் ஒவ்வாமை ஏற்பட்டால், உதவி செய்யப் போன நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செவிலியர் பதிவையும் இழக்க நேரலாம். ‘மருத்துவமனைக்கு வெளியே ஊசி போட எனக்கு அனுமதியில்லை’ என்பதை நட்பாகச் சொல்லலாம், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிரஷர் பார்க்க வருபவர்களைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு மனமில்லை என்றால், வழி காட்டி அனுப்புங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களை வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெருப் பெரியவர்களின் பெயர்களைப் பதிவு செய்ய ஒருநாள் உதவினால், அது கதவைத் தட்டும்போதெல்லாம் எழுந்து வருவதைவிடப் பெரிய தொண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 108. உறவினர்களின் ரிப்போர்ட்டுக்கு வாரத்தில் ஓய்வு நாள் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதுவும் கட்டாயமன்று. உங்கள் தாயார் உங்களுக்காக இந்த எல்லையைச் சொல்ல முன்வந்தால், டியூட்டி முடிந்து தூங்கும் நேரத்தில் கதவைத் திறக்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாகி நான்கு மாநிலங்களில் வேலை பார்த்துவிட்டேன், பிள்ளைகள் வளர்ந்தது விடுமுறைகளில் பார்த்த அளவில்தான். ஞாயிற்றுக்கிழமையும் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள், எடுப்பேன். சில நாட்களாக, யாரும் கூப்பிடாத ஞாயிறு எனக்குத் தாங்கவில்லை. மேனேஜர் சார் என்று அழைக்காதவர்களிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: இத்தனை நேர்மையாக எழுதியதற்கு நன்றி, ஐயா. ஓய்வுபெற்று ஆறு மாதம் கழித்து, வீட்டில் எல்லோரிடமும் கோபித்துக்கொண்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் பலர். உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

பதவி இரவல் என்பது உங்களுக்குத் தெரியும், இருக்கை மாறும்போதெல்லாம் பார்த்திருக்கிறீர்கள். பதவியோடு போகாத ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. கடன் கேட்டு வருபவரின் கணக்கேட்டைப் பார்த்ததும் தொழில் நிற்குமா விழுமா என்று ஊகிக்கும் அறிவு, ஆத்திரத்தோடு வருபவரை உட்காரவைத்துப் பேசும் பொறுமை, நான்கு மாநில மக்களின் பழக்கவழக்கங்களை அறிந்த அனுபவம் ஆகியவை அவை. இந்த இரண்டு ஆண்டுகளில் அவற்றைக் கிளையில் உள்ள இளம் அதிகாரிகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஞாயிறு அழைப்புகளைச் சிறிது சிறிதாக அவர்களிடம் மாற்றிவிடுவதும் அதில் ஒரு பகுதி. வாடிக்கையாளர் உங்களை விட்டு அவர்களிடம் போவதைப் பார்ப்பது முதலில் வலிக்கும். வலித்தாலும் செய்யுங்கள், கிளைக்கும் அதுவே நல்லது.

உங்கள் பதவி யாருக்கும் தெரியாத ஓர் இடத்துக்கு வாரம் ஒருமுறை போய்ப் பழகுங்கள். காலை நடைக் குழு, நூலகம், கோயில் உழவாரப் பணி, பாட்டு வகுப்பு, எதுவானாலும் சரி, ஆனால் அங்கே பொருளாளர் பதவியை மட்டும் முதல் ஆண்டில் ஏற்காதீர்கள். வங்கியில் இருந்தவர் என்று தெரிந்ததும் கட்டாயம் கேட்பார்கள். ஏற்றால் அங்கும் மேனேஜர் சாராகிவிடுவீர்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இழந்த ஆண்டுகளை ஈடுகட்ட அவர்கள் வாழ்க்கையில் திடீரென்று அறிவுரையோடு நுழைய வேண்டாம். அவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள், அந்த வேலையில் எது கடினம் என்று கேட்டு, பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் துணைவியாரிடமும் பேசுங்கள். இத்தனை மாற்றல்களிலும் வீட்டைத் தனியாக நடத்தியவர் அவர், அந்த நிர்வாகத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஓய்வு பெற்ற மறுநாள் சமையலறைச் செலவுக்கணக்கைச் சீர்செய்யப் புறப்பட்டுவிடாமல், அதில் உங்களுக்கு என்ன வேலை என்று அவரையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பொறியியல் முடித்து முதல் வேலைக்கு நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்று பெரிய தொழிலதிபர்கள் பேசுகிறார்கள். வேலை நேரம் என்ன என்று நேர்காணலில் கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, முதலில் அந்த எண்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 மணி நேரத்தை ஆறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குப் பதினொரு மணி நாற்பது நிமிடம். 90 மணி நேரத்தை ஞாயிறும் சேர்த்து ஏழு நாளுக்குப் பிரித்தாலும் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். போக்குவரத்தும் உறக்கமும் போனால் சாப்பிடவும் குளிக்கவும் நேரம் மிஞ்சுமே தவிர, ஒரு புதிய மொழியைக் கற்கவோ பெற்றோரோடு உட்கார்ந்து பேசவோ மிஞ்சாது. முதல் வேலையில் இருப்பவருக்குக் கற்றுக்கொள்ளும் நேரம்தான் எதிர்காலச் சம்பளம்.

எட்டு மணி நேரம் என்பது சோம்பேறிகள் கேட்டு வாங்கியதும் அன்று. 1918இல் சென்னையில் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று மதராஸ் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, ஆலைத் தொழிலாளர்களின் முறையீடுகளில் ஒன்று, மதிய உணவுக்குக்கூடப் போதிய இடைவேளை இல்லை என்பது. அடுத்த ஆண்டே, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாக நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதை வகுத்தது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். அதற்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இந்த எல்லையை ஒவ்வொரு தலைமுறையும் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நம் மக்களவையில் 2018இல் இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை.

இனி நேர்காணல். தொழில்நுட்பச் சுற்றில் இதைக் கேட்க வேண்டாம். அங்கே உங்கள் திறமையை மட்டும் பேசுங்கள். எச்.ஆர். சுற்றில், ‘எதாவது கேட்க விரும்புகிறீர்களா’ என்று அவர்கள் கேட்கும்போது கேளுங்கள். வேலை நேரம் எத்தனை மணி என்று மொட்டையாகக் கேட்டால் எழுதிவைத்த பதிலைச் சொல்வார்கள். ‘இந்தக் குழுவில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும், ஷிஃப்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், வார இறுதியில் ஆன்-கால் (கூப்பிட்டால் வேலை பார்க்கும்) முறை உண்டா, அதற்கு காம்ப்-ஆஃப் (ஈட்டு விடுப்பு) தருவார்களா’ என்று கேட்டால், சொல்பவரின் தயக்கத்திலிருந்தும் உங்களுக்குச் சில தெரியவரும். இப்படிக் கேட்பவரைச் சோம்பேறி என்று யாரும் நினைப்பதில்லை, வேலையை அறிந்து வருபவர் என்றே நினைப்பார்கள். அதே நிறுவனத்தில் வேலை செய்யும் உங்கள் கல்லூரி சீனியர்களிடம் விசாரிப்பதும் முக்கியம். கடைசியாக எத்தனை பேர், எதற்காக விலகினார்கள் என்று கேளுங்கள்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சம்பளப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு என்ன ஈடு, ப்ரொபேஷன் எத்தனை மாதம், நோட்டீஸ் பீரியட் 30 நாளா 90 நாளா, இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்ட் ஏதாவது இருக்கிறதா என்பவற்றை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ‘தேவைக்கேற்ப எந்த நேரமும்’ என்ற வரி இருந்தால், அது நடைமுறையில் என்ன என்று மெயிலில் விளக்கம் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஆனால் எந்த நிறுவனத்திடமும் அவற்றை விட்டுவிட்டு வராதீர்கள்.